டிராக்டர் ஸ்டீயரிங்கில் ஆட்டமா? அலட்சியம் வேண்டாம்!

(பண்ணை ஒலிபரப்பில் வந்த பேச்சின் எழுத்து வடிவம்)

சேற்று உழவு முடிந்து, நடவு முடிந்து, இனிமேல் டிராக்டருக்குக் கொஞ்சம் ஓய்வு என்று நினைக்கிறோம். ஆனால் ஓய்வு எங்கே கிடைக்கிறது? எரு அடிக்கணும், செங்கல் ஏற்றணும், அறுவடை வந்தால் நெல் மூட்டை, கரும்பு லோடு என்று வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். வயலிலே ஓடுகிற வரைக்கும் ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடினாலும் பெரிசாகத் தெரியாது. சேற்றிலே ஓர் அடி இந்தப் பக்கம் போனால் என்ன, அந்தப் பக்கம் போனால் என்ன? ஆனால் அதே வண்டி டிரெய்லரை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையிலே வரும்போது அந்த ஓர் அடிதான் உயிர்.

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருத்தர் வண்டியிலே இரண்டு மாசமாக ஸ்டீயரிங் ஆட்டம். கால் சுற்று சுற்றினால்தான் முன் சக்கரம் திரும்பும். கேட்டால், "அதெல்லாம் எனக்குக் கை பழகிப் போச்சுங்க" என்பார். ஒரு நாள் சாயங்காலம் நெல் மூட்டையோடு கரை மேலே வரும்போது டை ராடு கழன்று விழுந்தது. ஒரு சக்கரம் கிழக்கே பார்க்குது, ஒரு சக்கரம் மேற்கே பார்க்குது. வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது. உயிர் தப்பியது, கால் ஒடிந்தது. பிறகு இறங்கிப் பார்த்தால், டை ராடு நட்டுக்கு ஸ்பிலிட் பின் போட வேண்டிய இடத்தில் யாரோ ஓர் ஆணியை வளைத்து மாட்டியிருக்கிறார்கள். ஆணி தேய்ந்து விழுந்தது, நட்டு கழன்றது, அவ்வளவுதான்.

ஆட்டம் கை பழகிப் போகும். ஆனால் தேய்மானம் நிற்காது. இதை மனசிலே வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கையிலிருந்து சக்கரம் வரைக்கும்

முதலில் ஸ்டீயரிங் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மோட்டார் கொட்டகையிலிருந்து தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கடைமடைக்குப் போகிற மாதிரி, உங்கள் கையின் பலம் படிப்படியாக முன் சக்கரத்துக்குப் போகிறது.

ஸ்டீயரிங் வீலைத் திருப்பினால் அதன் தண்டு சுற்றுகிறது. தண்டின் அடியில் ஸ்டீயரிங் கியர் பெட்டி இருக்கிறது. அது சுற்றுகிற வேகத்தைக் குறைத்து, பலத்தைக் கூட்டித் தருகிறது. பெட்டிக்கு வெளியே தொங்குகிற கை டிராப் ஆர்ம். அது முன்னும் பின்னும் அசையும். அதிலிருந்து நீளமாக ஒரு தண்டு முன்பக்கம் போகிறது, அது டிராக் லிங்க். இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து திரும்புவதற்கு இணைப்பாக இருப்பது டை ராடு. இந்தத் தண்டுகளின் முனையில் எல்லாம் பால் ஜாயிண்ட், அதாவது கிண்ணத்துக்குள் குண்டு உட்கார்ந்த மாதிரி ஒரு மூட்டு இருக்கும். நம்ம தோள்பட்டை எலும்பு மூட்டு மாதிரிதான். கடைசியில் சக்கரம் திரும்புகிற அச்சு இருக்கிறதே, அது கிங் பின். சக்கரம் சுற்றுகிற இடத்தில் ஹப்புக்குள்ளே இரண்டு பேரிங்.

வண்டிக்கு வண்டி அமைப்பு கொஞ்சம் மாறும். சிலவற்றில் டிராப் ஆர்ம் இரண்டு பக்கமும் இருக்கும். பவர் ஸ்டீயரிங் வண்டியில் டிராப் ஆர்முக்குப் பதிலாக எண்ணெயும் சிலிண்டரும் வேலை செய்யும். ஆனால் பால் ஜாயிண்ட், கிங் பின், ஹப்பு பேரிங் எல்லா வண்டிக்கும் உண்டு. தேய்மானம் அதிகம் வருவதும் அங்கேதான்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். முன் சக்கரம் நேராக இருக்கட்டும். இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் வீலின் விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். முன் சக்கரம் அசையத் தொடங்குகிற வரைக்கும் வீலை மெதுவாக இடதுபக்கம் திருப்பி, பிறகு வலதுபக்கம் திருப்பிப் பாருங்கள். அந்தக் கோடு எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அதுதான் ஆட்டம். சாதாரண மெக்கானிக்கல் ஸ்டீயரிங்கில் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் அளவுக்கு ஆட்டம் இருப்பது இயல்பு. 2 அங்குலத்தைத் தாண்டினால் எங்கேயோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கைப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அதுவே முடிவான கணக்கு.

சரி, ஆட்டம் இருக்கிறது. எங்கே இருக்கிறது? கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? மோட்டாரிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து எங்கே உடைப்பு என்று பார்ப்பீர்கள் இல்லையா? இங்கேயும் அதே வேலைதான். ஒருத்தர் மேலே உட்கார்ந்து வீலை இப்படியும் அப்படியும் சின்னதாக ஆட்டட்டும். இன்னொருத்தர் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும், தொட்டும் பார்க்கட்டும்.

வீல் ஆடுகிறது, டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால் குறை கியர் பெட்டியிலோ, தண்டின் இணைப்பிலோ இருக்கிறது. டிராப் ஆர்ம் அசைகிறது, டிராக் லிங்க் தாமதமாக அசைகிறது என்றால் அந்த பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. டிராக் லிங்க் அசைகிறது, ஒரு சக்கரம் திரும்புகிறது, மறு சக்கரம் பின்தங்கி வருகிறது என்றால் டை ராடு மூட்டைப் பாருங்கள். அசைவு எந்த மூட்டோடு நின்றுபோகிறதோ அந்த மூட்டுதான் குற்றவாளி. கியர் பெட்டியைத் தாங்குகிற போல்ட்டு லூசாகி, பெட்டியே அசைகிற வண்டியும் உண்டு. அதையும் ஒரு கை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பல பேர் ஆட்டம் என்றவுடனே கியர் பெட்டியின் அட்ஜஸ்ட் திருகை இறுக்கிவிடுகிறார்கள். இது தப்புங்க. குறை மூட்டில் இருக்க, பெட்டியை இறுக்கினால் ஸ்டீயரிங் கல் மாதிரி கனத்துப் போகும், உள்ளே பல்லும் தேயும். மூட்டு எல்லாம் சரி, குறை பெட்டியில்தான் என்று தெரிந்த பிறகு, மெக்கானிக்கை வைத்து அதைச் செய்யுங்கள். இறுக்கிய பிறகு இடது கோடியிலிருந்து வலது கோடி வரைக்கும் எங்கேயும் பிடிக்காமல் வீல் சுற்ற வேண்டும்.

சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்

அடுத்தது கிங் பின்னும் பேரிங்கும். இதற்கு முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள், பிரேக்கைப் பூட்டுங்கள், கியரில் போடுங்கள். ஜாக்கியை ஆக்சிலின் ஒரு பக்கத்தில் வைத்து அந்தச் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். டிராக்டரின் முன் ஆக்சில் நடுவிலே ஒரு பின்னில் தொட்டில் மாதிரி ஆடக்கூடியது. அதனால் நடுவில் தூக்கினால் சாய்ந்துவிடும். தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். செங்கலை வைக்காதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே குனிய வேண்டாம்.

இப்போது டயரின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள. "டக் டக்" என்று ஆடினால், ஆட்டம் எந்த இடத்தில் என்று கவனியுங்கள். ஹப்பு மட்டும் ஆடுகிறது, உள்ளே உள்ள ஸ்டப் ஆக்சில் நிலையாக நிற்கிறது என்றால் பேரிங் லூசு. ஸ்டப் ஆக்சிலும் சேர்ந்து ஆடினால் கிங் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. பிறகு டயரின் முன்னாலும் பின்னாலும் கை வைத்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால், பேரிங்கும் கிங் பின்னும் நன்றாக இருக்கிற பட்சத்தில், டை ராடு மூட்டுதான் காரணம். கடப்பாரையை நெம்பு மாதிரி கொடுத்து ஆக்சிலின் நடு பின்னையும் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அந்த புஷ் தேய்ந்திருந்தால் வண்டி ரோட்டிலே பாம்பு மாதிரி நெளியும்.

பேரிங் லூசு என்றால் எல்லா நேரமும் புதுசு வாங்க வேண்டியதில்லை. மூடியைக் கழற்றி, ஸ்பிலிட் பின்னை எடுத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சக்கரம் லேசாகப் பிடிக்கத் தொடங்கியதும் நிறுத்தி, பின் ஓட்டை நேராக வருகிற அளவுக்கு நட்டைத் திரும்பத் தளர்த்துங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்றணும், ஆனால் ஆடக் கூடாது. பிறகு புது ஸ்பிலிட் பின் போடுங்கள். சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, உருளையிலே குழியும் கறுப்பும் தெரிந்தாலோ பேரிங்கை மாற்றுவதுதான் வழி.

நெல் பூமிக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சேற்று உழவிலே முன் ஹப்பு முழுகி முழுகி எழுகிறது. சீல் தேய்ந்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைப் பால் மாதிரி வெளுக்கடித்துவிடும். அப்புறம் பேரிங் எத்தனை நாளைக்கு வரும்? சேற்று உழவு சமயத்தில் தினமும் வேலை முடிந்ததும் கழுவி, கிங் பின், ஆக்சில் நடு பின், பால் ஜாயிண்ட் நிப்பிள்களுக்கெல்லாம் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸும் சேறும் வெளியே வருகிற வரைக்கும் அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் "கிரீஸ் போகலை" என்று விட்டுவிடாமல் நிப்பிளை மாற்றுங்கள். சீசன் முடிந்ததும் ஹப்பைத் திறந்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது கிரீஸ் வைத்து, சீலையும் மாற்றிவிடுங்கள்.

கனக்கிறதா? இழுக்கிறதா? நடுங்குகிறதா?

ஸ்டீயரிங் கனக்கிறது என்றால் முதலில் பணம் செலவழிக்காத இடத்தைப் பாருங்கள். அதாவது காற்று. முன் டயரில் காற்று குறைந்தாலே கை வலிக்கும். இரு சக்கர இழுவை வண்டியின் சின்ன முன் டயருக்குப் பொதுவாக 25 முதல் 30 பவுண்டு காற்று வேண்டும். சரியான அளவு உங்கள் கைப்புத்தகத்தில் இருக்கும். காற்று சரி என்றால் கிங் பின் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் கியர் பெட்டி எண்ணெய் அளவைப் பாருங்கள். கடைசியில்தான் ஆக்சில் வளைந்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் இரண்டு முன் டயரிலும் ஒரே காற்று, ஒரே அளவு டயர் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ஒன்று மட்டும் பிடித்துப் பிடித்துச் சுற்றுகிறதா? அப்படியென்றால் அந்த பேரிங் இறுகியிருக்கிறது. பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் குறை ஸ்டீயரிங்கில் இல்லை, இரண்டு பிரேக்கும் சமமாகப் பிடிக்கவில்லை. ரோட்டுக்கு வரும்போது இரண்டு பிரேக் பெடலையும் இணைக்கிற கொக்கியை மாட்டியே ஆக வேண்டும். வயலில் கழற்றிவிட்டதை மறந்து, ரோட்டில் வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்று கவிழும்.

வேகம் கூடினால் முன் சக்கரம் படபடவென்று நடுங்குகிறதா? லூசான பேரிங், தேய்ந்த கிங் பின், தேய்ந்த டை ராடு மூட்டு, இல்லையென்றால் சக்கரங்களின் உள்சாய்வு தப்பியிருக்கும். உள்சாய்வு என்பது மெக்கானிக்குகள் டோ-இன் என்று சொல்வது. ஜோடி மாடு இரண்டும் மூக்கை லேசாக உள்பக்கம் வைத்து நடக்கிற மாதிரி, முன் சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இதை நீங்களே அளக்கலாம். வண்டியை நேராக நிறுத்தி, ஹப்பு உயரத்தில் இரண்டு ரிம்மின் உள்பக்கத்திலும் முன்னால் சுண்ணாம்புக் குறி போட்டு அளந்துகொள்ளுங்கள். வண்டியை முன்னுக்கு உருட்டி, அதே குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உள்சாய்வு. கைப்புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டை ராடின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யலாம். இரண்டு பக்கமும் டை ராடு இருந்தால் இரண்டையும் சமமாகத் திருக வேண்டும். முன் டயரின் வெளி ஓரம் சீக்கிரம் தேய்ந்தால் உள்சாய்வு அதிகம், உள் ஓரம் தேய்ந்தால் சக்கரம் வெளியே விரிந்திருக்கிறது. டயரே உங்களுக்குச் சொல்லிவிடும். ஆனால் மூட்டுத் தேய்மானத்தைச் சரிசெய்த பிறகுதான் இந்த அளவை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் கணக்குத் தப்பும்.

பவர் ஸ்டீயரிங் வைத்திருப்பவர்களுக்கு

இப்போது வருகிற வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் நிறைய வந்துவிட்டது. கைக்குச் சுகம். ஆனால் அந்தச் சுகமே ஓர் ஆபத்து. மூட்டு தேய்ந்தாலும் கைக்குத் தெரியாது. அதனால் இந்த வண்டிகளில் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கிற சோதனை இன்னும் அவசியம்.

இரண்டு பக்கமும் கனத்தால் எண்ணெய் அளவைப் பாருங்கள், பில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பம்பிலோ, அழுத்த வால்விலோ குறை. வீல் விட்டுவிட்டுத் திரும்பினால், தொட்டியில் எண்ணெய் நுரைத்தால், குழாயில் காற்று ஏறியிருக்கிறது. கசிவை நிறுத்தி, எண்ணெயை நிரப்பி, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வீலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல தடவை திருப்புங்கள். காற்று வெளியேறிவிடும். பிறகு மறுபடி அளவு பாருங்கள். சக்கரம் கோடியில் முட்டி நின்ற பிறகும் வீல் மெதுவாக நழுவுவது கொஞ்சம் இருக்கலாம். லேசாகத் திருப்பினாலே தொடர்ந்து சுற்றிக்கொண்டு போனால் சிலிண்டர் சீல் உள்ளே கசிகிறது, அல்லது ஸ்டீயரிங் யூனிட் தேய்ந்திருக்கிறது. இது பட்டறை வேலை. கோடியில் முட்டிய பிறகு வீலை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், எண்ணெய் சூடேறி பம்பு கெடும்.

ஒன்று மிக முக்கியம். இஞ்சின் ஓடும்போது எண்ணெய்க் குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி மாதிரி பீறிடுகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரியும், கையையே எடுக்க வேண்டிவரும். அட்டையை வைத்துப் பாருங்கள். எண்ணெய் உள்ளே போய்விட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வண்டியில் குறையில்லை, லோடில் குறை

சில சமயம் எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. வீலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். காரணம் என்ன? முன் சக்கரத்தில் எடை இல்லை. டிரெய்லரின் முன்பக்கமாகப் பாரத்தை அடுக்கினால் அது கொக்கியைக் கீழே அழுத்தும், டிராக்டரின் மூக்கு மேலே எழும்பும். பின்னால் கனமான ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதும் அப்படித்தான். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தின் மேலே இருக்க வேண்டும். அதனால் பாரத்தைச் சமமாக அடுக்குங்கள், அளவோடு ஏற்றுங்கள், முன் எடைக் கட்டிகளைப் போடுங்கள். டிரெய்லரில் ஆள் ஏற்றாதீர்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் குழந்தை குட்டிகளோடு டிரெய்லரில் போகிற பழக்கம் எத்தனையோ வீடுகளில் விளக்கை அணைத்திருக்கிறது.

செய்யவே கூடாதவை

டை ராடோ, டிராப் ஆர்மோ, ஸ்டப் ஆக்சிலோ விரிசல் கண்டால் வெல்டிங் வைக்கக் கூடாது. சூடு பட்ட இரும்பின் பதம் போய்விடும். இன்றைக்குப் பிடித்த மாதிரி இருக்கும், பாரம் ஏறிய அன்றைக்குச் சட்டென்று முறியும். மாற்றுவது ஒன்றே வழி. வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்துவதும் அப்படித்தான். ஸ்பிலிட் பின்னுக்குப் பதில் ஆணி, கம்பி வேண்டாம். ஒரு தடவை கழற்றிய ஸ்பிலிட் பின்னைத் திரும்பப் போடவும் வேண்டாம். பத்து பின் வாங்கி டூல் பெட்டியில் போட்டு வையுங்கள், பெரிய செலவில்லை.

இந்த வேலைகளை முறையாகப் படிக்க ஆசைப்படுகிற இளைஞர்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் மத்தியப் பிரதேசம் புத்னியில் 1955-ல் தொடங்கப்பட்டது. நமக்குப் பக்கத்தில், ஆந்திர மாநிலம் அனந்தபூர் பகுதியில் கார்லதின்னே என்ற ஊரிலும் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. டிராக்டர் ஓட்டுவதிலும் பராமரிப்பிலும் அங்கே விவசாயிகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

கடைசியாக, தினம் காலையில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். முன் டயரில் காற்று, டை ராடு நட்டில் பின், தரையில் எண்ணெய்ச் சொட்டு, இந்த மூன்றையும் பாருங்கள். ஸ்டீயரிங்கை ஒரு தடவை இப்படியும் அப்படியும் ஆட்டி, நேற்றைய ஆட்டத்தைவிட இன்றைக்குக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் அன்றைக்கு ரோட்டுக்குப் போகாதீர்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இற்றுப் போனால் நாம் வண்டி பூட்டுவதில்லை. டிராக்டருக்கும் அப்படியே இருப்போம்.